செதுக்கிய என்னும் பெயரெச்சம்: எலும்பு கிடைக்காத ஓர் ஆற்றங்கரை பற்றி

1

பட்டாபிராமில் எங்கள் தெரு பள்ளமான தெரு. ரயில் பாதைக்கும் சி.டி.எச். ரோட்டுக்கும் நடுவில், ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். 2015 டிசம்பர் மழையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு இங்கே வீடு கட்டுகிற யாரும் முதலில் செய்கிற காரியம் மனையை உயர்த்துவதுதான். 'கிராவல் அடிப்பது' என்று சொல்வார்கள். சிவப்புச் சரளை லோடு லோடாக வந்து இறங்கும். நானும் அடித்தேன். எங்கேயிருந்து வருகிறது என்று லாரிக்காரரைக் கேட்டபோது, "ஊத்துக்கோட்டை ரோட்டுப் பக்கம் சார், குவாரி" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. லோடுக்கு நூறு ரூபாய் குறைப்பாரா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

சரளையைப் பரப்பிக்கொண்டிருந்த சித்தாள் அம்மா ஒரு கல்லை எடுத்துத் தனியே வைத்தார். சாயங்காலம் என்னிடம் நீட்டி, "இத்த பாருங்க சார், யாரோ கொத்தி செஞ்ச கணக்கா இருக்குது" என்றார். உள்ளங்கையை நிறைக்கிற கல். ஒரு முனை கூம்பியிருந்தது. மறுமுனை கைக்கு இதமாக உருண்டிருந்தது. இரண்டு ஓரங்களிலும் சில்லு பெயர்த்த பள்ளங்கள் வரிசையாக இருந்தன. பூண்டி அருங்காட்சியகத்தில் இது போன்றவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். கைக்கோடரி. அல்லது கைக்கோடரி போல ஒன்று.

தொல்லியல் படித்த நண்பர் ஒருவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம். ஆனா இது அநாதையாயிடுச்சே" என்றார். எந்தக் குழி, எந்த அடுக்கு, மேலே என்ன மண், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது, எதுவும் தெரியாத கல் சாட்சி சொல்லாது என்று விளக்கினார். அதை அநாதையாக்கியவர்களில் நானும் ஒருவன். லோடுக்குக் காசு கொடுத்தவன் நான்தான்.

அந்தக் கல் இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பார்த்துக்கொண்டே எழுதியது.

2

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் மனிதக் கை பட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால ஆய்வின் தொடக்கமாக அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விவரம் இதில் உண்டு. அந்தக் கல் கிடைத்தது ஒரு சரளைக் குழியில். ராணுவக் குடியிருப்பை ஒட்டி, சரளைக்காகத் தோண்டிப்போட்ட குழி அது. ஆக, நம் தொல்வரலாறே 'கிராவல்' தோண்டியதில் தொடங்கியிருக்கிறது. தோண்டியவர் யார் என்பதை நாம் படிக்கிற வரலாறுகள் சொல்வதில்லை.

ஃபூட்டுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அந்தக் கல்லைப் பார்க்க அவருக்குக் கண் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1859இல், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த செதுக்கிய கற்கள் மனிதர் செய்தவையே என்று ஆங்கிலேய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்ததும் அதே ஆண்டுதான். பைபிளின் ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு உடைந்துகொண்டிருந்த நேரம். அந்த உடைப்பு நிகழ்ந்திராவிட்டால் பல்லாவரத்துக் கல் வெறும் ஜல்லிதான். ஒரு பொருள் சான்றாக மாறுவதற்கு முன்னால் அதைச் சான்றாகக் காணும் ஒரு சொல்லாடல் பிறந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். அங்கே ஓர் ஓடை மண்ணை அரித்து அரித்துக் கற்கருவிகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1960களில், மத்தியத் தொல்லியல் துறைக்காகக் கே.டி. பானர்ஜி அங்கே தோண்டினார். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் விரிவாக அகழாய்வு செய்தார்கள்.

இந்த வில்லியம் கிங்கின் அப்பா பெயரும் வில்லியம் கிங்தான். அயர்லாந்தின் கால்வே நகரில் புவியியல் பேராசிரியர். ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856இல் கிடைத்த மண்டையோட்டை ஆராய்ந்து, இது நம் இனமல்ல, வேறொரு மனித இனம் என்று சொல்லி அதற்கு 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' என்று பெயர் வைத்தவர் அவர். 1863இல் ஒரு மாநாட்டில் முன்வைத்து, 1864இல் அச்சிட்டார். அங்கே அப்பா ஒரு மண்டையோட்டை வைத்து யார் நம் ஆள், யார் இல்லை என்று தீர்ப்பெழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், இங்கே மகன் ஓடைக்கரையில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே குடும்பத்தில் எலும்பும் கல்லும்.

3

எலும்புக்கு ஒரு மவுசு உண்டு. கல்லுக்கு அது கிடையாது. மண்டையோடு என்றதும் முகம் வந்துவிடுகிறது. முகம் வந்ததும் உறவு கேட்கிறோம். இவர் யாருக்குத் தாத்தா? எங்களுக்கா, உங்களுக்கா?

எலும்பு சொல்வது கொஞ்சநஞ்சமல்ல. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த 'லூசி'யின் இடுப்பெலும்பும் முழங்கால் மூட்டும் ஒரு விஷயத்தைத் தீர்த்துவைத்தன. சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, மூளை இன்னும் குரங்களவில் இருந்தபோதே, நம் முன்னோர் இரண்டு காலில் நடந்தார்கள். மூளை முதலில் பெருத்தது, உடம்பு அதன் பின்னால் வந்தது என்று அறிவாளிகள் விரும்பி நம்பிய வரிசை தலைகீழானது. அந்த ஆசையில்தான் 1912இல் இங்கிலாந்தில் 'பில்ட்டவுன் மனிதன்' தயாரிக்கப்பட்டான். மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, சாயம் ஏற்றி, பல்லை ராவி செய்த மோசடி. அது அம்பலமாக 1953 வரை ஆயிற்று. ஆதி மனிதன் ஆங்கிலேயனாக இருக்க வேண்டும் என்ற ஆசை நாற்பது ஆண்டுகள் விஞ்ஞானத்தைக் கட்டிப்போட்டிருந்தது.

நமக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. சிவாலிக் மலைப் பகுதியில் கிடைத்த தாடைத் துண்டுக்கு 1930களில் 'ராமபிதிகஸ்' என்று பெயரிட்டார்கள். பல காலம் அது மனிதக் கிளையின் முதல் ஆளாகப் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது. 1980களில் கூடுதல் எலும்புகள் கிடைத்தபோது, அது ஒராங்குட்டானின் பக்கத்துச் சொந்தம் என்று ஆகிவிட்டது. ராமன் பெயர் வைத்ததால் அது மனிதனாகிவிடவில்லை.

இந்தியாவில் நவீன மனிதருக்கு முந்தைய மண்டையோடு என்று பொதுவாக ஏற்கப்பட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். 1982 டிசம்பரில், மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை ஹத்னோராவில், புவியியல் ஆய்வுத் துறையின் அருண் சோனாகியா கண்டெடுத்தது. அதுவும் முழுதல்ல, மண்டையின் ஒரு பகுதி மட்டுமே. ஹோமோ எரக்டஸ் என்று சிலரும், அதற்குப் பிந்தைய வகை என்று வேறு சிலரும் இன்னும் வாதாடுகிறார்கள். இலங்கையின் பாஹியன்கல, பட்டதொம்பலென குகைகளில் கிடைத்தவை நம்மைப் போன்ற நவீன மனிதரின் எலும்புகள். அவற்றின் வயது சில பத்தாயிரம் ஆண்டுகள்.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் நடந்த அகழாய்வில் ஆயிரக்கணக்கில் கருவிகள் வந்தன. மனித எலும்பு வரவில்லை. குதிரை, மாடு வகைகளைச் சேர்ந்த மூன்று விலங்குப் பற்கள் மட்டும் கிடைத்தன. காரணம் மண்ணிலேயே இருக்கிறது. எலும்பு புதைபடிவமாக வேண்டுமானால் சீக்கிரம் மூடப்பட வேண்டும். சுண்ணாம்புச் சத்தைக் கரைக்காத மண்ணும் வேண்டும். நம்முடைய செம்பூராங்கல் நிலம் அமிலத்தன்மை கொண்டது. மழைக்காலத்தில் ஊறி, கோடையில் வெடித்து, மறுபடி ஊறும். எலும்பு அதில் கரைந்துபோகும். எனாமல் பூசிய பல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குவார்ட்சைட் கல் கிடக்கும். கென்யாவின் துர்கானா ஏரிப் பக்கம் எரிமலைச் சாம்பலும் ஏரி வண்டலும் மாறி மாறி மூடியதால், ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிறுவனின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்தது. அதன் முதல் துண்டை 1984இல் கண்டவர் கமோயா கிமேயு என்ற கென்யர். கூலி வேலையாளாகச் சேர்ந்து, உலகத்தின் மிகச்சிறந்த புதைபடிவக் கண்களில் ஒன்றாக ஆனவர்.

அந்தச் சிறுவன் துர்கானாவில் விழுந்து கிடந்த காலத்தை ஒட்டித்தான் கொசஸ்தலைக் கரையில் யாரோ கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே செய்தவர் இல்லை, செய்தது இருக்கிறது. அங்கே கிடைத்தது உடம்பு.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது. புதைபடிவத்தைத் 'தொல்லுயிர் எச்சம்' என்கிறோம். எச்சம் என்றால் மிஞ்சியது. இலக்கணக்காரருக்கோ எச்சம் என்றால் முடியாமல் நிற்கும் சொல். 'செதுக்கிய' என்று சொல்லி நிறுத்தினால் அது பெயரெச்சம். ஒரு பெயர் வந்து முடித்துவைக்க வேண்டும். அத்திரம்பாக்கம் பதினைந்து லட்சம் ஆண்டுகளாக 'செதுக்கிய' என்று சொல்லி நிறுத்தியிருக்கிறது. பெயர் வரவில்லை.

4

பெயர் வராத இடத்தில் நாம் நம் பெயரை எழுதிவிடுகிறோம். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2011இல் அத்திரம்பாக்கக் கருவிகளின் வயது 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அடியடுக்கில் கிடைத்த கற்களின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். எப்படிக் குறைத்துக் கணக்கிட்டாலும் பத்து லட்சத்துக்குக் கீழே போகாது. கணக்கிட்ட விதத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். கல் வெளியில் கிடக்கும்வரை விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டு அதில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கத் தனிமங்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் உருவாவது நின்றுவிடும். ஏற்கெனவே இருப்பவை சிதையத் தொடங்கும். அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் அதில் பாதி வேகத்திலும் குறையும். இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரியும். மண் அடுக்குகளில் பதிந்திருந்த காந்தத் திசையும் இதற்குத் துணை நின்றது. பூமியின் வடக்கும் தெற்கும் இன்றைக்கு இருப்பதற்கு நேர்மாறாக இருந்த காலத்தில் படிந்த மண் அது.

2018இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. பெரிய கைக்கோடரிகளை விட்டுவிட்டு, கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்தி அதிலிருந்து சிறு சில்லுகளை எடுக்கும் இடைப் பழைய கற்காலத் தொழில்முறை இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது அது. நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு லட்சத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வந்தபோதுதான் அந்த முறையும் வந்தது என்ற கருத்துக்கு இது பெரிய சிக்கல். ஆனால் அந்தக் கருவிகளைச் செய்தவர் யார்? எலும்பு இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் நிறுத்திய இடத்தில் நம் மேடைகள் நிற்பதில்லை. 'பதினைந்து லட்சம் ஆண்டுத் தமிழன்' என்று நண்பர் ஒருவர் கூட்டத்தில் பேசக் கேட்டேன். கல்லுக்கும் மண்ணுக்கும் முந்திய குடி என்ற பழம்பெருமைக்கு இப்போது கல்லே சாட்சி வந்துவிட்டதாம். நவீன மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் என்று இன்று சொல்லப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. வயது சுமார் மூன்று லட்சம். அதற்குப் பன்னிரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கொசஸ்தலைக் கரையில் இருந்தவர்கள் தமிழருமல்லர், திராவிடருமல்லர், ஆரியருமல்லர். நம் இனமே அல்லர். அவர்களுக்கு மொழி இருந்ததா என்பதுகூடத் தெரியாது.

இதைச் சொன்னால், "வடக்கே எல்லாம் இங்கேர்ந்துதான் போச்சுன்னு அவங்க பேசறப்ப நாம சும்மா இருக்கணுமா தோழர்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து யாரும் வரவில்லை, எல்லாம் பாரத மண்ணிலேயே முளைத்தது என்று சொல்லுகிறவர்கள் இதே அத்திரம்பாக்கத்தைத் தங்கள் கணக்கிலும் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே கல்லை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதால் எதிர்வரலாறு உண்டாகிவிடாது. 'முதல்' யார் என்ற அதே பெருங்கதையாடலில் தலைப்பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றுகிற வேலை அது. கீழடியில் பானையில் கீறிய பெயர்கள் நமக்கு முக்கியம்தான். அங்கே பெயர் இருக்கிறது. இங்கே இல்லை. இரண்டையும் ஒரே பெருமைக் கயிற்றில் கட்டினால், ஒன்றின் உறுதி இன்னொன்றின் ஊகத்தால் கெட்டுப்போகும்.

5

எலும்பு வேண்டும் என்ற வெறி வெறும் மேடைப் பேச்சோடு முடிந்ததில்லை. ஃபூட் ஆயுள் முழுக்கச் சேர்த்த கற்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அப்போது அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். அவருடைய கருவி காலிப்பர். தென்னிந்தியச் சாதியினரையும் பழங்குடியினரையும் நிறுத்திவைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் அந்த அளவுகளோடு ஏழு தொகுதிகள் வந்தன. செத்தவர் மண்டை கிடைக்காத இடத்தில் உயிரோடிருப்பவர் மண்டையை அளந்தார்கள் என்று நான் சொன்னால் மிகை என்று படலாம். ஆனால் அன்றைய மானுடவியலின் தர்க்கம் அதுதான். சிலர் வரலாற்றில் வாழ்கிறார்கள், சிலர் ஆதிகாலத்தின் எச்சமாக மிஞ்சியிருக்கிறார்கள் என்பது அந்தத் தர்க்கம்.

அது ஒழிந்துவிடவில்லை. அத்திரம்பாக்கம், பூண்டி, குடியம் பக்கமெல்லாம் இருளர் குடியிருப்புகள் உண்டு. அரசாங்கப் பட்டியலில் தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளில் ஒன்றாக இருளரையும் 'ஆதிநிலை'ப் பழங்குடிக் குழு என்று வைத்திருந்தார்கள். 2006இல்தான் அந்தச் சொல்லை மாற்றி, 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய' என்று ஆக்கினார்கள். குடியம் குகைக்குப் போய்வருகிற நண்பர்கள், வழியில் இருளர் குடிசையைப் படமெடுத்து, "அப்படியே கற்காலம்" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நானும் ஒருமுறை சொல்லியிருப்பேன்.

அந்தக் குடிசை கற்காலத்தைச் சேர்ந்ததல்ல, அரிசி ஆலைக் காலத்தைச் சேர்ந்தது. இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் இருளர் பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் மீட்பு நடந்துகொண்டிருந்தது. பழைய எச்சம் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவருடைய இன்றைய கடன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அவருக்குப் பட்டா வேண்டாம், பாதுகாப்பு வேலி போதும் என்று தோன்றிவிடுகிறது.

கல் அப்படியான கேள்வியை எழுப்புவதில்லை என்பதால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை. கையில் எடுத்துப் பார்த்தால் அது கேட்பது வேறு. எந்தக் கல் உடையும், எந்தக் கோணத்தில் தட்ட வேண்டும், எத்தனை தட்டில் ஓரம் வரும்? அத்திரம்பாக்கத்தின் அடிக்களிமண் அடுக்கில் இயற்கையாகக் கூழாங்கல் கிடையாது. கல்லை வேறிடத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். நாளைக்கு வேண்டும் என்று நினைத்து இன்றைக்குச் சுமந்திருக்கிறார்கள். ஒருவர் தட்டுவதை இன்னொருவர் பார்த்துக் கற்றிருக்கிறார். ரத்தமும் வம்சமும் இதில் தெரியாது. உழைப்பு தெரிகிறது.

6

மறுபடி என் மனைக்கு வருகிறேன்.

பல்லாவரத்துக் கல் சரளைக் குழியில் வந்தது. நியாண்டர் பள்ளத்தாக்கின் மண்டையோடு சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளர் கையில் பட்டது. தென்னாப்பிரிக்காவில் 1924இல் கிடைத்த 'டாங் குழந்தை'யும் சுண்ணாம்புக் குவாரியில் வந்ததுதான். இந்த அறிவுத்துறையே குவாரியில் பிறந்தது. அதனால் குவாரியே கூடாது என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் தெரு பள்ளம், தண்ணீர் வரும், மனையை உயர்த்தாமல் முடியாது. ஆனால் மம்பட்டியால் வெட்டிய காலத்துக் குழி வேறு, ஜேசிபி அள்ளுகிற இன்றைய குழி வேறு. ஒரு வாளி அள்ளலில் எத்தனை அடுக்கு கலைகிறது என்று பார்க்க அங்கே யாரும் நிற்பதில்லை. பதினைந்து லட்சம் ஆண்டுகள் தாங்கிய சாட்சியம் ஒரு மத்தியானத்தில் சி.டி.எச். ரோடு ஏறி எங்கள் ஊருக்கு வந்து அஸ்திவாரத்துக்குள் போய்விடுகிறது. பட்டாபிராமில் இப்போது இருபத்தோரு மாடி டைடல் பூங்கா நிற்கிறது. ஊரே உயர்ந்துகொண்டிருக்கிறது. சரளைத் தேவை குறையப் போவதில்லை.

பெருமை பேசுகிற மேடைகள் இதைப் பற்றி என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன். கொசஸ்தலைப் படுகையில் குவாரிக்கு அனுமதி தருமுன் தொல்லியல் ஆய்வு ஒன்று நடந்தாக வேண்டும் என்று கேட்கலாம். பாதுகாக்கப்பட்ட இடம் என்று ஒரு ஓடையை மட்டும் வேலி போட்டால் போதாது. படுகை முழுவதும் கருவிகள் பரவிக் கிடக்கிற நிலம் அது. சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சூளைத் தொழிலாளருக்கும் குவாரித் தொழிலாளருக்கும் ஒரு கைக்கோடரியைக் கையில் கொடுத்துக் காட்டலாம். முதலில் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்தானே. கமோயா கிமேயு பட்டம் வாங்கிக்கொண்டு எலும்பு தேடப் போனவரல்லர்.

வேலை முடிந்து போகிற அன்றைக்கு அந்தச் சித்தாள் அம்மாவிடம் கல்லைக் காட்டி, இது லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தினதாக இருக்கலாம் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்பவும் வேலதான் செஞ்சிருக்காங்க" என்றார். பிறகு, இதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு பார்த்ததாகவும், "நீங்க ஒண்ணும் சொல்லலியேன்னு உள்ள தள்ளி மூடிட்டோம்" என்றும் சொன்னார்.

அவை என் வீட்டுக்கு அடியில் இருக்கின்றன.